முறிப்பு

நெடுங்கேணியிலிருந்து பஸ் போகாத பாதையில் ஏழு மைல்:
வீரைமுறிப்பு.
பெயரிலேயே உடைந்திருக்கிற ஊர்.
எது முறிந்ததென்று கேட்டால்
காட்டுக்குள் கையை நீட்டுகிறார்கள்.

முக்காலியை நட்டேன்.
குமிழி நடுவுக்கு வரும்வரை மூச்சை அடக்கினேன்.
கதிரமலை அளவுகோலோடு கட்டின்மேல் நடந்தான்.
ஒரு மைலும் முக்காலும்
பாலையும் வீரையும் வேர் பின்னிய மண்முதுகு,
நடுவில் நாற்பது பாகம் வெளி.
அதற்குள்ளால் இப்போது மாட்டுப்பாதை.

படை வெட்டியது என்கிறார் கமக்காரர் சங்கச் செயலாளர் மார்க்கண்டு.
கடல் கடந்து வந்தவன்
யானையை விட்டு முட்டி உடைத்தானாம்.
ஒரே இரவில் கீழூர் மிதந்ததாம்.

உடைப்பின் ஓரத்தை மண்வெட்டியால் சீவிப் பார்த்தேன்.
ஒரு இரவின் வேலையாகத் தெரியவில்லை.
மணல் ஒரு விரல், வண்டல் அரை விரல், மறுபடி மணல்,
எலி வளை, கறையான் மண்,
அதன்பிறகுதான் ஏதோ ஒரு மாரி.

எனக்குத் தோன்றுவது இது:
படை இந்தக் கட்டைத் தொடவேயில்லை.
துருசு காத்தவனை
(அவனுக்கு நான் வைத்த பெயர் கூத்தன்)
பாரம் சுமக்கக் கூட்டிப்போனது.
ஆவணியில் கட்டுக்கு மண் போட வருகிற இருநூறு பேரை
வடக்கே ஒரு மதிலுக்கு மண் போட அழைத்தது.
மரக்காலை மாற்றியது.
யாருக்கு அளப்பது என்று தெரிவதற்குள்
மூன்று பேர் வந்து அளந்துகொண்டு போனார்கள்.
நாலாம் வருஷம் கட்டில் ஒரு கசிவு,
ஆட்டுக்குட்டி மூத்திரம்போல.
ஒரு கூடை மண் வைத்து அடைக்க
ஆளில்லை.

இதை அறிக்கையில் எழுத முடியாது.
"காரணம்" என்ற கட்டம் ஒரு வரி அகலம்.

தண்ணீர் போனபிறகு
கட்டுக்குக் கீழே ஆயிரம் ஏக்கர் வயல்
வரம்போடு அப்படியே காடானது.
இன்றும் முதிரைகளுக்கிடையே நடந்தால்
கால் ஒரு சதுரத்திலிருந்து அடுத்த சதுரத்துக்கு
தானாக இறங்குகிறது.
மிஞ்சியவர்கள் கட்டைத் தாண்டி
குளத்துக்குள்ளேயே குடிவந்தார்கள்.
வண்டல் அங்கேதான் கிடந்தது.
காட்டுக்கு அந்தப்பக்கமிருந்த ஒரு வன்னியனுக்குத்
தேனும் மெழுகும் கொடுத்துவிட்டு,
தங்கள் கைக்கு எட்டிய உயரத்தில்
ஐந்து சின்னக் கட்டுகள் போட்டார்கள்.
நாவலடி, கொக்குத்தாவு, எருமைப்படுவான்;
மற்ற இரண்டின் பெயரில்
சண்டை இன்னும் முடியவில்லை.
இரண்டு போகம் ஒன்றாய்ச் சுருங்கியது.
மேட்டில் குரக்கன், எள்ளு.
இருபது வீடு சேர்ந்தால் காப்பாற்றக்கூடிய குளம்,
அரசன் எவன் என்று கேட்காத குளம்.

பழைய துருசின் கருங்கல் ஒன்று
புவனலோசினியின் கிணற்றடியில் கிடக்கிறது.
உடுப்புத் தோய்க்கிற கல்.
பலகை இறங்கிய காடி வழியே
சவர்க்கார நுரை ஓடுகிறது.
மூலையில் ஒரு கீறல்.
வென்றவனின் மீனா,
கூலி கிடைக்காத கல்தச்சன்
பசியில் கீறிய மீனா,
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திணைக்களம் பெரிய குளத்தைத் திருப்பிக் கேட்கிறது.
வரைபடத்தில் நீல மை
ஏற்கெனவே வான் பாய்ந்துவிட்டது.
கதிரமலை அளவுகோலை அவள் அடுப்படி வாசலில் நிறுத்தினான்.
பழைய கருவி. கண்ணாடிக்குள் எல்லாம் தலைகீழ்.
கூரை கீழே, முற்றம் மேலே,
அவள் வானத்தில் கால் வைத்து நின்றாள்.

"அப்ப, இது தண்ணிக்குள்ளையோ?"
நிரம்பினால், என்றேன்.
"எத்தினை அடி?"
ஆறு அடி நாலு அங்குலம்.
கூரையின் தாழ்வாரத்தை ஒருமுறை பார்த்தாள்.
பிறகு கேட்டாள்:
"கட்டுக்கு மண் போட ஆர் வாறது,
வருசா வருசம்?"

அதற்கும் கட்டம் இல்லை.

சிவப்புத் தலை முளையை வேலியோரம் அடித்தோம்.
ஜீப்பில் ஏறித் திரும்பிப் பார்க்கையில்
ஒரு எருமைக்கன்று அதில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
முளை கொஞ்சம் சரிந்துவிட்டது.
கதிரமலை என்னைப் பார்த்தான்.
இறங்கவில்லை நான்.